வடகிழக்கு மூலை

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடு. கடைசியில் எழுதினால் அதுவரை படிக்க எனக்குப் பொறுமை இருக்காது.

இந்த வனக்காவல் முகாமுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. முகாம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஆடுகிற ஒரு கண்காணிப்புக் கோபுரம். ஆட்கள் மூன்று பேர்: நான், எல்லோரும் மீசை என்று கூப்பிடும் காவலர், அப்புறம் சமையல்காரர். கீழே இருக்கும் அலுவலகத்துக்கு ஜீப்பில் ஆறு மணி நேரம். வாரம் ஒருமுறை அந்த ஜீப்பில்தான் மளிகையும் தபாலும் வரும்.

அலுவலகத்தில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். எங்கள் காடு முழுக்க ஒரே பச்சை, வேறொன்றும் இல்லை. போட்டவனுக்கு மலை ஏறத் தெரியாது போலிருக்கிறது. அக்கா, நம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அப்பா அளந்து நீ வரைந்த பழைய தாள், அது இந்த மலைதான். ஆறு வயதில் ஸ்டூல் மேல் ஏறி அதன் கோடுகளை விரலால் தடவிக்கொண்டு நிற்பேன். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் ஏறிவிடலாம் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். உன் வரைபடக் கிடங்கில் அதன் பிரதி ஒன்று இருந்தால் அனுப்பு.

நான் எழுதுவதைச் சமையல்காரர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கடிதம் என்றால் உயிர். அவருக்கு எழுத யாரும் இல்லை. “அக்காவ நான் விசாரிச்சதா ஒரு வரி போடுங்க” என்கிறார். போட்டுவிட்டேன்: சமையல்காரர் உன்னை விசாரித்தார்.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி இறங்கும்போது மட்டும் திட்டுகிறது. நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கிறாயா என்று எழுது.

நீ கேட்ட பிரதியை மெழுகுத்துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கிடங்கில் அதைத் தேடவே வேண்டியதில்லை. எந்த இழுப்பறை, எத்தனாவது தாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த டிசம்பரோடு எனக்கு ஓய்வு. அதற்குள் மூவாயிரம் தாள்களுக்கும் புதுப் பட்டியல் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். மேலே கூரை ஒழுகுகிறது, கீழே பூச்சி அரிக்கிறது, நடுவில் நான்.

தாள் முப்பத்தெட்டு வருஷத்துப் பழசு என்பதை மறக்காதே. சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்.

கூட ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். உனக்கில்லை, உன்னிடம் மூன்று இருக்கிறது. சமையல்காரருக்கு. அளவு தெரியாமல் குத்துமதிப்பாகப் பின்னினேன். நானும் அவரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. முழங்காலை முதல் வரியில் எழுதியதற்கு நன்றி, ஆனால் ‘அப்படியே’ என்பது ஒரு பதில் இல்லை. மருத்துவரிடம் போ.

தாளைக் கொண்டு ஐந்து இடங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். முகாமுக்கு மேற்கே ஒரு ஊற்று, ஓடை இரண்டாகப் பிரியும் இடம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் பாறை. எல்லாம் அப்பா வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஊற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய். இதே கல்லில்தானே அவரும் உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு நல்ல சேதி. மழை பிடித்துவிட்டால் ஜீப் ரோடு சரிந்து, இங்கே இரண்டரை மாதம் நாங்கள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். யாருக்காவது ஏதாவது என்றால் அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் தாளில் வடகிழக்கு மூலையைப் பார். இரண்டு சிகரத்துக்கும் நடுவில் ஒரு கணவாய். அதற்கு அந்தப் பக்கம் கோடுகள் அவ்வளவு விலகி விலகிப் போகின்றன, நடுவில் என் கட்டைவிரலை வைக்கலாம். மெல்ல இறங்கினால் அரை நாளில் மறுபுறத்து ரோடு. எங்களுக்கு ஒரு கொல்லைப்புற வாசல் கிடைத்துவிட்டது. இப்போதே போய்ப் பார்க்க ஆசைதான். காட்டுத்தீக் காலம், மழை விழும்வரை கோபுரத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு.

ஸ்வெட்டர் சமையல்காரருக்கு வயிற்றில் பிடிக்கிறது. “அக்கா பின்னுனது சரிதான், நாந்தான் அளவு தப்பிட்டேன்” என்கிறார். கழற்றுவதே இல்லை. அவர் உன்னை விசாரித்தார்.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்குத் தைலம் கொடுத்திருக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை, வலி தாங்கலாம். நீ நன்றாக இருப்பதாக எழுதியதில் நிம்மதி.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பட்டியல் வேலை.

அந்த வடகிழக்கு மூலையைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே போக வேண்டாம். முப்பத்தெட்டு வருஷத்தில் பாதை புதராகியிருக்கும். மண் சரிந்திருக்கும், மரம் விழுந்திருக்கும். பழைய தாளை நம்பிப் புது வழி தேடுவது உன் வயதுக்கு அழகில்லை. மழைக்கு முன்னால் மருந்துகளை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதினால் இங்கிருந்தே அனுப்புகிறேன்.

சமையல்காரரைக் கேட்டதாகச் சொல். கைப்பக்கத்தை அளந்து எழுது, அடுத்ததைச் சரியாகப் பின்னுகிறேன்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தைல நாற்றம் இங்கே வரை அடிக்கிறது, விடாமல் தடவு.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், வழக்கம்போல. நீ சொல்வது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பாதை அழியும், மரம் விழும், நியாயம். மலை எங்கே போகும்? கணவாய் கணவாயாகத்தான் இருக்கும். புதரை வெட்ட எங்களிடம் அரிவாள் இருக்கிறது. அப்பா காலால் நடந்து அளந்த மலையை, அவர் பெண்ணே நம்பவில்லை என்றால் யார் நம்புவது? ஓய்வு பெறும் வயதில் உனக்குப் பயம் வந்துவிட்டது, அக்கா.

சமையல்காரர் வேறு மாதிரி சொல்கிறார். நான் படித்து முடித்ததும் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, “உங்க அக்கா எதையோ சொல்ல வந்து மென்னு முழுங்குறாங்க” என்றார். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம். உப்புப் போட்டோமா என்று மூன்று தடவை ருசி பார்ப்பார்.

மேகம் திரண்டுவிட்டது. மழைக்கு முந்தின கடைசி ஜீப் மே 30 அன்று வரும். அதற்குள் வருகிற மாதிரி ஒரு கடிதம் போடு. அப்புறம் ஆகஸ்டில்தான் பேச்சு. சமையல்காரர் விசாரித்தார், கை நீளம் இருபத்து மூன்று அங்குலம் என்றும் சொல்லச் சொன்னார்.

தம்பி


மே 23

(உறையில் போட்டு ஒட்டியது. தபாலில் சேர்க்கவில்லை.)

தம்பி,

உன் சமையல்காரர் சொன்னது சரி. மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சர்வேயர் நேரில் போய் அளந்த உயரத்துக்கு முழுக்கோடு. போக முடியாமல் தூரத்தில் நின்று கண்ணால் மதிப்பிட்டதற்கு விட்டுவிட்டுப் போடும் கோடு. தாளைப் பார்க்கிறவனுக்கு, இது தெரிந்தது, இது தெரியாதது என்று அதுதான் சொல்லும். அப்பா மலையிலிருந்து கொண்டுவந்த மூலத்தாளில் வடகிழக்கு மூலை முழுக்க விட்டுவிட்டுத்தான் போட்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த வருஷம் கூடாரத்தில் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். மழை முன்னாலேயே வந்துவிட்டது. அந்த மூலையைத் தொலைவில் ஒரு சிகரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்தார். இரண்டு சிகரம், நடுவில் வானம், கீழே மேகம். கணவாயாக இருக்கும் என்று நினைத்தார். மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அவ்வளவு இடம் விட்டுவிட்டுப் போட்ட கோடாக இருந்தால் தாள் தேறாது. அடுத்த வருஷம் மறுபடியும் ஏறச் சொல்லியிருப்பார்கள். அப்பா பயந்தார், தம்பி. உனக்குத் தெரிந்த அப்பா இல்லை, நடுங்கிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆள். “இன்னொரு தடவ ஏறுனா நான் திரும்ப மாட்டேம்மா. அந்த மூலைக்கு எவன் போகப் போறான்? எடைவெளிய மட்டும் சேத்துடு” என்றார். எனக்கு இருபது வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வரைவு அறையிலேயே என் கைதான் சுத்தம் என்று பெயர். கறுப்பு மையைத் தொட்டு இடைவெளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அங்கே போகாதே.

அக்கா


மே 25

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீங்கள் மூவரும் மழைக்கு முன்னால் விறகைக் காயவைத்து உள்ளே எடுத்துவிட்டீர்களா?

காய்ச்சல் மாத்திரை, வயிற்று வலி மாத்திரை, கட்டுத்துணி எல்லாம் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. எதற்கு எது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கிறேன்.

முடிந்தவரை அந்தப் பக்கம் போகாமல் இரு. நான் சொல்வதைக் கேள்.

சமையல்காரருக்கு இருபத்து மூன்று அங்குலக் கை பின்னத் தொடங்கிவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

ரோடு திறந்துவிட்டது. நான் இருக்கிறேன். மீசையும் இருக்கிறார்.

எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, விரல்களில் கட்டு. ஆறிவருகிறது.

உன் கிடங்கில் அப்பாவின் மூலத்தாள் இருக்கும் இல்லையா? நீ மையில் வரைவதற்கு முன்னால் அவர் கைப்பட பென்சிலில் போட்டது. அதை நான் பார்க்க வேண்டும். பிரதி வேண்டாம், அதையே அனுப்பு.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பி,

என் முழங்காலை நீ கேட்கவில்லை. அது போகட்டும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ‘நான் இருக்கிறேன், மீசை இருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறாய். சமையல்காரர் என்னை விசாரிக்கவில்லையே, ஏன்?

பதில் எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் நீயே எழுது.

மூலத்தாளை அனுப்புகிறேன். கிடங்கிலிருந்து மூலத்தை வெளியே எடுப்பது குற்றம். எடுத்துவிட்டேன். கூடவே ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. மே மாதமே எழுதியது. கடைசி ஜீப்புக்கு மூன்று நாள் முன்னதாகவே கீழ் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், போட்டிருந்தால். தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். அப்பாவை நீ ஊற்றங்கரையில் நினைத்து அழுததாக எழுதியிருந்தாய். அந்த அப்பாவை உன்னிடமிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை. அப்புறம் கீழ் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், அவர்கள் வயர்லெஸ்ஸில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு நிமிஷ வேலை. அப்பா பெயர் யார் யார் வாயிலோ விழும் என்று அதையும் செய்யவில்லை. என் பெயரும் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்.

உறைக்குள் இருப்பதன் தேதியை மாற்றி எழுதலாமா என்று இன்று காலை ஒரு கணம் பேனாவை எடுத்தேன். அப்படியே வைத்துவிட்டேன்.

அக்கா


செப்டம்பர் 12

அக்காவுக்கு,

ஜூன் 28 அன்று சமையல்காரருக்கு வலது பக்க அடிவயிற்றில் வலி வந்தது. நீ அனுப்பிய மாத்திரைகளைக் கொடுத்தோம். காய்ச்சல் ஏறியது. வயர்லெஸ்ஸில் கேட்டால் ரோடு நாலு இடத்தில் சரிந்திருக்கிறது, ஆள் நடந்து வந்து சேரவே குறைந்தது ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். ஒன்பது நாள் தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் சொன்னார்: “அக்கா அனுப்புன படத்துல வழி இருக்கே. அதுல போலாம்.”

கம்பளியில் தொட்டில் கட்டி, மூங்கிலில் கோத்து, நானும் மீசையும் தூக்கினோம். ஒன்றரை நாள் ஏற்றம். வழியில் அவர்தான் எங்களுக்குத் தெம்பு சொல்லிக்கொண்டு வந்தார். தன் கனத்துக்குத் தன் சமையலே காரணம் என்று மன்னிப்புக்கூடக் கேட்டார். ஜூன் 30, மதியம், இரண்டு சிகரத்துக்கும் நடுவில் போய் நின்றோம். அதுவரை தாள் சரியாக இருந்தது. மூடுபனி விலகியது. காலடிக்கு அப்பால் மலை இல்லை. மீசை ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். சத்தம் வரவில்லை.

சுற்றி வழி இருக்கிறதா என்று இருட்டும்வரை தேடினேன். திரும்பிப் போக ஒன்றரை நாள், போனால் அங்கேயும் ரோடு இல்லை. மறுநாள் காலை அவர் போய்விட்டார். தூக்கிவரத் தெம்பில்லை. விளிம்பிலிருந்து முப்பது அடி உள்ளே தள்ளி, அரிவாளாலும் கையாலும் தோண்டினோம். ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

உன் உறையைப் பிரித்தேன். மே 23. நாளை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு நாள். அப்பா பயந்தார் என்பது எனக்கு வலிக்கவில்லை, அக்கா. காய்ச்சலில் கிடந்த மனிதன் பயந்தால் என்ன? பயந்தும் அவர் விட்டுவிட்டுத்தானே போட்டார். நீ பாதைதான் அழிந்திருக்கும் என்று எழுதினாய், பாதைக்கு என்னிடம் பதில் இருந்தது. மலையே தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அவரைத் தூக்கியிருக்க மாட்டேன். முகாமிலேயே செத்திருக்கலாம், தெரியும். தன் அடுப்புப் பக்கத்தில் செத்திருப்பார்.

உன்னைத் திட்டி ஏழு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். இன்னும் கோபம் தீரவில்லை.

சாவுக்கு அறிக்கை கேட்கிறார்கள். ‘வழி மழையில் அழிந்திருந்தது’ என்று ஒரு வரி எழுதினால் போதும், வேறு யாரையும் கேட்க மாட்டார்கள் என்கிறார் அதிகாரி. எழுதட்டுமா? நீயே சொல்.

தம்பி


செப்டம்பர் 29

தம்பி,

எழுதாதே. வரைபடம் தப்பு என்று எழுது. வரைந்தது யார் என்று கேட்டால் என்னைச் சொல்.

அவர்கள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் இயக்குநர் அறைக்குப் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது முப்பத்தெட்டு வருஷத்துக் கதை எதற்கு என்று தன்மையாகத்தான் கேட்டார். “ஒரு ஆள் செத்துட்டார் சார்” என்றேன். அதற்கு அப்புறம் அவர் தன்மையாகப் பேசவில்லை. விசாரணை முடியும்வரை வரைவு அறைக்குள் நான் போகக் கூடாது. மூலத்தாளைத் திருப்பி அனுப்பு, அது அவர்களுக்குச் சாட்சி.

கிடங்கில் இருந்த பிரதிகள் நூற்று அறுபத்து நான்கு. அவற்றின் வடகிழக்கு மூலையில் குறுக்குக்கோடு போட்டு ரத்து செய்யும் வேலையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் ஆயிற்று. கூடத்துச் சுவரில் இருந்ததையும் இறக்கிவிட்டேன். அது மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொரு ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை. ‘மன்னித்துவிடு’ என்று எழுதிப் பார்த்தேன். உன்னிடம் கேட்டு என்ன பயன், அவரிடமல்லவா கேட்க வேண்டும்.

புது வரைவாளர் அந்த மூலையைத் திருத்த வேண்டுமானால் யாராவது நேரில் போய் அளந்த கணக்கு வேண்டும் என்கிறார். உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டிருக்கிறேன்.

அக்கா


டிசம்பர் 5

அக்காவுக்கு,

அறிக்கையை நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். மூலத்தாளையும் அனுப்பிவிட்டேன். அப்புறம் நானும் மீசையும் மறுபடியும் ஏறினோம். கயிறு, திசைகாட்டி, உயரமானி எல்லாம் கீழ் அலுவலகத்திலிருந்து வாங்கிக்கொண்டோம். பதினொரு நாள் அங்கேயே தங்கி விளிம்பு முழுவதையும் அளந்தோம். குறிப்பேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நான் கால் வைத்து நின்ற இடம். புது வரைவாளரிடம் கொடுத்து முழுக்கோடாகப் போடச் சொல். பள்ளத்தின் அடிக்கு மட்டும் இறங்க முடியவில்லை, கயிறு போதவில்லை. அங்கே விட்டுவிட்டுப் போடட்டும். குறிப்பேட்டில், விளிம்பிலிருந்து முப்பது அடி உள்ளே, ஒரு சின்னச் சிலுவைக்குறி இருக்கும். அதைத் தாளில் சேர்க்க விதி இருக்கிறதா என்று தெரியாது, கேட்டுப் பார்.

இரண்டாவது ஸ்வெட்டரை அனுப்பு. மீசைக்குக் கை நீளம் கிட்டத்தட்ட அதுதான்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன், அவ்வளவு கோபம். ஜூலை 1 காலை வெளிச்சம் வந்தபோது அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பார்த்தால் யாருக்கும் புரியும், அவருக்கும் புரிந்திருந்தது. என் கையைப் பிடித்து, “அக்காவுக்கு எழுதும்போது நான் விசாரிச்சதா மறக்காம போடுங்க” என்றார். இரண்டு கடிதத்தில் போடவில்லை.

இப்போது போடுகிறேன். சமையல்காரர் உன்னை விசாரித்தார்.

தம்பி